சோதனைச்சாலையும் கிராமத்துச் சாட்சியும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் வழங்குகின்றன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை இராஜ்யத்தோடு இணைந்தது. அதை அடுத்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நிலைத்தது. இக்கிராமங்களுக்கு வடக்கே, திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்ப நிலையம் இயங்கி வருகிறது. 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற இந்நிலையத்தில் வலிப்பு நோய்க்கெனத் தனி மையமும் உண்டு. எல்லைக் கிராமத்து மாணவர் இத்தகைய நரம்பியல் ஆராய்ச்சியில் பங்கு கொள்வது அவருக்கும் ஆராய்ச்சிக்கும் ஒருங்கே நன்மை பயக்கும்.

மூளையை ஆராயும் கூடத்தில் பயிற்சி பெறச் செல்லும் மாணவருக்குத் தொடக்கத்தில் ஏமாற்றமே கிட்டும். மனித மூளையின் மின்னலைகளை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். தலையின் மேற்பரப்பில் கிடைக்கும் அவ்வலைகளின் வலிமை, ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் சில பத்துக் கூறுகளே ஆகும். கண்ணிமைப்பதும் பல்லைக் கடிப்பதும் அவற்றினும் பெரிய கோடுகளை எழுப்பிவிடும். எது மூளையின் அலை, எது இமையின் அசைவு என்று பிரித்தறியவும், கண்டதை நேரத்தோடு குறித்து வைக்கவும் பழகுவதே முதற் பாடம்.

இரண்டாம் பாடம் இதனினும் பெரிது. வலிப்பு இல்லாத வேளையில் எடுத்த பதிவு பழுதின்றித் தோன்றக்கூடும். ஆதலின், நோயை நிர்ணயிக்க, அருகிலிருந்தவர் கண்ட விவரம் இன்றியமையாதது. எந்தக் கை முதலில் இழுத்தது, முகம் எப்பக்கம் திரும்பியது, எத்தனை நிமிடம் நீடித்தது என்பவற்றைத் தாயோ ஆசிரியரோதான் கூறவல்லவர். தமிழ்த் தாய் 'காக்கை வலிப்பு' என்பார். மலையாளத் தாய் 'சுழலி' என்பார். இரு சொல்லும் அறிந்த மாணவர், கருவி தராத சான்றைக் கொணர இயலும்.

ஆயினும், மணம் தடைப்படும் என்னும் அச்சத்தால் குடும்பத்தார் பலர் நோயை மறைக்கின்றனர். இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் தடையாகச் சேர்க்கப்பட்ட வலிப்பு நோய், 1999-இல் நீக்கப்பட்டது. சட்டம் திருந்தியும் வழக்கம் முற்றிலும் திருந்தவில்லை. தகுந்த மருந்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மறைக்கப்பட்ட குழந்தைக்கோ அம்மருந்து எட்டுவதில்லை.

கருவியற்ற பள்ளியில் விஞ்ஞானம் வளராது என்பார் உளர். கைக்கடிகாரமும் குறிப்பேடும் எப்பள்ளிக்கும் எட்டுவனவே. ஆராய்ச்சிக் கூடங்கள் மாணவரைப் பார்வையாளராக அன்றி, சில மாதம் பணிபுரிபவராக ஏற்றல் வேண்டும். ஆசிரியர்கள் கண்டதைக் கண்டவாறே எழுதப் பயிற்றல் வேண்டும். களப்பணியாளர்கள், வலிப்புற்றவர் கையில் இரும்பைத் திணிக்காமலும் வாயில் எதையும் இடாமலும் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், ஐந்து நிமிடம் கடந்தால் மருத்துவமனைக்கு விரையவும் வீடுதோறும் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு செய்யின், கிராமத்துச் சாட்சி மறைவின்றிச் சோதனைச்சாலையை அடையும். அங்கு விளையும் அறிவும் கிராமத்துக்குத் திரும்பும்.