நிலத்தைக் கண்டு வரைக

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. வற்றாத ஆறும் இல்லை. எனினும், இயற்கைக் காட்சி ஒன்று வரைக என்றால், நம் மாணாக்கருட் பலர் இரண்டு மலைகளையும், அவற்றிடையே உதிக்கும் ஞாயிற்றையும், வளைந்தோடும் ஆற்றையுமே வரைந்து தருகின்றனர். கண்முன் நிற்கும் பனையும், செம்மண் தோட்டமும், கடனீரேரியும் அவர்தம் தாளில் இடம்பெறுவதில்லை. காணாமல் வரையும் பழக்கத்தால் விளைந்த குறை இது. சித்திரப் பாடம் வகுப்பறைக்குள்ளேயே நடைபெறும்வரை இக்குறை நீங்காது என்பது என் கருத்து.

ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்ரபிள் 1821, 1822 ஆம் ஆண்டுகளில், இலண்டனை அடுத்த ஹம்ஸ்ரெட் மேட்டில் வெட்டவெளியில் இருந்து முகில்களையே பன்முறை தீட்டினார். அவ்வோவியங்கள் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்தும் வைத்தார். பேரோவியங்களை அவர் பணியறையிலேயே நிறைவு செய்தார் என்பது உண்மை. ஆயினும், வெளியிற் கண்டு ஈட்டிய செல்வத்தையே உள்ளிருந்து செலவிட்டார்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்ததை நாம் வகுப்பில் மனனஞ் செய்விக்கிறோம். எற்பாட்டு வேளையில் நெய்தல் நிலம் எவ்வாறு தோன்றும் என்று வினவினால், விடை நூலிலிருந்து வருகிறது, கண்ணிலிருந்து வருவதில்லை. தாளும் பென்சிலும் கொண்டு ஒரு மாலை கடற்கரையில் அமர்ந்த மாணவனுக்கோ அச்சூத்திரம் உயிர்பெறும்.

கைத்தொலைபேசி நொடியிற் படம்பிடிக்கையில் பென்சில் எதற்கு எனச் சிலர் வினவுவர். கருவி எதிரே உள்ள அனைத்தையும் ஒருங்கே வாங்கிக்கொள்ளும். வரைபவனோ எதனைக் கொள்வது, எதனை விடுவது என ஒவ்வொரு கோட்டிலும் தானே துணிதல் வேண்டும். மட்டை மரத்தோடு பொருந்தும் வகையை நோக்காமல் பனையை வரைதல் இயலாது. பரீட்சைக்கு இதனாற் பயன் யாது என்போர்க்கும் ஒன்று கூறுவேன்: உற்றுநோக்கப் பழகிய கண் தாவரவியலுக்கும் உதவும், கட்டுரைக்கும் உதவும்.

ஆகவே, மாதத்தில் ஒரு சனிக்கிழமையேனும் சித்திர வகுப்பு வெளியில் நடைபெறல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பலகை, தாள், பென்சில், ஒரு மரநிழல் ஆகியன போதும். ஒவ்வொரு படத்தின் பின்னும் இடம், நாள், நேரம், வீசியது சோளகமா வாடையா என்பன எழுதப்படுக. கல்லூரி நூலகம் அவற்றைப் பேணுக. அடுத்த விழாவுக்கு முன் வெட்டப்படும் பனைகளும் தூர்ந்துபோகும் குளங்களும் நம் பிள்ளைகளின் தாளிலாவது எஞ்சும். பழைய மாணவர் சங்கம் இவ்விழா ஆண்டிலேயே இப்பணியைத் தொடக்கிவைக்குமாயின், கட்டடம் ஒன்று எழுப்புவதினும் அது குறைந்த தொண்டாகாது.