லைக் போட்டாச்சு... அட்வான்ஸ் கொடுத்தாச்சா?

பங்குனி பிறந்துவிட்டால் சத்தியமங்கலம் வட்டாரத்தில் வாத்தியக்காரர்களுக்கு ஓய்வே கிடையாது. பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்குப் பூச்சாட்டியதும், அம்மன் சப்பரம் சுற்றுவட்டார ஊர்களுக்குக் கிளம்பிவிடும். கூடவே தாரை, தப்பட்டை, பீனாட்சி வாத்தியம். சத்தம் கேட்டதும் வாசலுக்கு வருபவர்கள் கும்பிட்ட கையோடு போனையும் எடுத்துவிடுகிறார்கள். அன்று இரவே அது ஸ்டேட்டஸ், மறுநாள் ரீல்ஸ். ‘நம்ம ஊரு அடி... வேற லெவல்!’ என்று கமென்ட் குவியும். கோயில் பெயர் இருக்கும், ஊர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் மட்டும் இருக்காது.

சினிமாவும் பெரிய ஆடியோ கம்பெனியும் பின்னால் இல்லாமல், சொந்த முயற்சியில் பாடி வெளியிடுபவர்களைத்தான் இப்போது ‘சுயாதீன இசைக்கலைஞர்கள்’ என்கிறோம். இந்தப் பெயரைக் கேட்டதும் கிட்டார் வைத்திருக்கும் கல்லூரி இளைஞரும், கம்ப்யூட்டரில் பீட் போடும் ராப் பாடகரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். யோசித்துப் பார்த்தால், கொங்கு நாட்டின் ஜமாப் குழுக்களும், உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடுபவர்களும், திம்பம் மலைக்கு மேலே சோளகர், ஊராளி கிராமங்களில் பாடுபவர்களும் இதே வகைதான். இவர்களுக்கும் பின்னால் கம்பெனி கிடையாது. தட்டுகிற கை ஓய்ந்தால் வருமானமும் ஓய்ந்துவிடும்.

இவர்களுக்கு நாம் உண்மையில் என்ன செய்யலாம்? லைக், ஷேர் தவிர?

சத்தியில் படித்த ராப்பர்

இந்த ஊரோடு தொடர்புள்ள ஒரு வெற்றிக் கதையிலிருந்தே தொடங்கலாம். ‘ஹிப்ஹாப் தமிழா’ ஆதி கோவைக்காரர். இன்ஜினீயரிங் படித்தது சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் தொழில்நுட்பக் கல்லூரியில். நண்பர் ஜீவாவோடு சேர்ந்து அவர் செய்த ‘கிளப்புல மப்புல’ பாடல், எந்த சினிமாவின் துணையும் இல்லாமல் யூடியூபில் பரவியது. 2012-ல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ ஆல்பம் வந்தது. 2015-ல் ‘ஆம்பள’ படத்தின் மூலம் இந்த ஜோடி இசையமைப்பாளர்கள் ஆனது. 2017-ல் தன் வாழ்க்கையையே ஒட்டி ‘மீசைய முறுக்கு’ படத்தை எழுதி, இயக்கி, நடித்தார் ஆதி.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயமும் உண்டு. 2023-ல் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் ஆதி முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுத் துறை, இசைத் தொழில்முனைவு. அதாவது, இசையை வைத்து எப்படிப் பிழைப்பது என்பதே ஒரு பாடம். பாடத் தெரிந்தால் மட்டும் போதாது, கணக்கும் தெரிய வேண்டும்.

ஆதிக்கு சினிமாக் கதவு திறந்தது. அந்தக் கதவு எல்லோருக்கும் திறக்காது. திறக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி.

கோடி வியூஸ் வந்தாலும்...

‘யூடியூபில் போட்டால் பணம் கொட்டும்’ என்று நினைப்பவர்கள் ‘எஞ்சாயி எஞ்சாமி’யின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 மார்ச்சில் வெளியான பாடல் அது. தெருக்குரல் அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடினார். இசை, சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய குடும்பத்தின் வலியை, தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவோடு சொன்னார் அறிவு. யூடியூபில் மட்டும் 40 கோடி பார்வைகளைத் தாண்டிய பாடல். தமிழ்நாட்டில் அதற்கு ஆடாத பள்ளி ஆண்டு விழா குறைவு.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ வெளியிட்டார். அந்தப் பாடலிலிருந்து தனக்கோ, அறிவுக்கோ, தீக்கோ ஒரு ரூபாய்கூட வருமானம் வரவில்லை என்றார். யார் பக்கம் நியாயம் என்பது சம்பந்தப்பட்டவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம். ஆனால் நமக்கு ஒன்று புரிகிறது. ஊர் உலகமே கேட்ட பாட்டுக்கே இந்த நிலைமை என்றால், சத்தி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் ரெக்கார்ட் செய்து வெளியிடும் இளைஞருக்கு 10,000 வியூஸ் என்ன தந்துவிடும்?

போனில் கேட்டால் யாருக்குப் போகிறது?

யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க, ஒரு சேனலுக்குக் குறைந்தது 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் அந்த வீடியோக்களை மக்கள் பார்த்திருக்கவும் வேண்டும். ஸ்பாட்டிஃபை 2024 முதல் இன்னொரு விதியைக் கொண்டுவந்தது. 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறையாவது ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது.

இதில் இன்னொரு சிக்கல். திருவிழாவில் ஜமாப் குழு வாசிப்பதை யாரோ ஒருவர் படம் பிடித்துத் தன் சேனலில் போடுகிறார். லட்சம் பேர் பார்த்தால், வருமானம் படம் பிடித்தவரின் சேனலுக்குத்தான் போகும். வியர்வை சிந்தியவருக்கு ‘வைரல் ஆயிட்டீங்கண்ணா’ என்ற செய்தி மட்டும் வரும்.

சட்டம் இதில் கலைஞர் பக்கம்தான் நிற்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ‘நிகழ்த்துநர் உரிமை’ என்று ஒன்று இருக்கிறது. நேரில் பாடுவதையும் வாசிப்பதையும் அவர் சம்மதம் இல்லாமல் பதிவுசெய்து காசாக்குவதைத் தடுக்கும் உரிமை கலைஞருக்கு உண்டு. 50 ஆண்டுகள் வரை அது செல்லும். 2012-ல் வந்த சட்டத் திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமப் பங்கு உண்டு என்றும், அதை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றும் சொல்கிறது. அதை வசூலித்துத் தர 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டுப் போடும் யாரும் அதில் உறுப்பினராக விண்ணப்பிக்கலாம்.

உரிமை காகிதத்தில் இருக்கிறது. ஆனால், பாட்டு ரெக்கார்ட் செய்யும் அன்றைக்கே ‘எழுதியவர் இவர், மெட்டு இவர், பாடியவர் இவர், பங்கு இவ்வளவு’ என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடும் பழக்கம் இன்னும் வரவில்லை. நண்பர்களுக்குள் எதற்குக் கணக்கு என்று விட்டுவிடுகிறார்கள். பாட்டு ஹிட்டானதும் நட்பும் போய்விடுகிறது, கணக்கும் போய்விடுகிறது.

கல்யாண வீட்டில் இருக்கிறது வழி

இன்னொரு சங்கதி. கல்யாண ஊர்வலம், அதை ஒட்டிய விருந்துக் கொண்டாட்டம், கோயில் சடங்கு ஆகியவற்றில் ஸ்பீக்கரில் போடும் பாட்டுக்கு ராயல்டி கேட்க முடியாது. பதிப்புரிமைச் சட்டமே அதற்கு விலக்கு தந்திருக்கிறது. குடும்ப விசேஷத்தில் பாட்டுப் போடுபவரை வழக்கு, நோட்டீஸ் என்று அலைக்கழிக்கக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடுதான் அது.

ஆனால், அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். கொங்கு நாட்டில் பணம் தாராளமாகச் செலவாகும் இடங்கள் இரண்டுதான். ஒன்று கல்யாணம், மற்றொன்று கோயில் திருவிழா. இந்த இரண்டு இடங்களிலும் ஸ்பீக்கர் வழியாக இசைக்கலைஞருக்கு எதுவும் போகாது. போக வேண்டுமென்றால் அவரை நேரில் அழைத்து, வாசிக்கச் சொல்லி, கையில் கொடுக்க வேண்டும். வேறு வழி இல்லை.

அழைக்கும்போது நடப்பது என்ன? ‘ஏனுங்க, கொஞ்சம் பாத்துக் கொறச்சுக்குங்க’ என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 பேர் கொண்ட குழுவுக்கு 20,000 ரூபாய் பேசியதாக வைத்துக்கொள்வோம். வேன் வாடகை 4,000 போனால் ஆளுக்கு 1,600 ரூபாய். நாம் பேரம் பேசி 5,000 குறைத்தால் ஆளுக்கு 1,100. வேன்காரர் குறைக்க மாட்டார். தோல் வாத்தியம் கிழிந்தால் அந்தச் செலவும் இதில்தான். மண்டப வாடகையிலோ, டிரோன் கேமராவிலோ நாம் இப்படிப் பேரம் பேசுகிறோமா?

டிஜே வேண்டாம், கேரளச் செண்டை மேளம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களும் கலைஞர்கள்தான். ஆனால், தூரத்திலிருந்து வருபவருக்கு ஒரு விலை, பக்கத்து ஊர்க்காரருக்கு ஒரு விலை என்று வைப்பதுதான் உறுத்துகிறது.

பெயர் சொன்னால் என்ன ஆகும்?

கோவைக்கு அடுத்த மலை, கேரளத்தின் அட்டப்பாடி. அங்கே இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா, உள்ளூர் கலைக்குழு ஒன்றில் பாடிக்கொண்டிருந்தவர். ‘ஐயப்பனும் கோஷியும்’ மலையாளப் படத்தில் பாட அழைப்பு வந்தது. 2022-ல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி அவர்தான். விருது வந்ததும் நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு முன்பே அவர் பாடுவதற்கு ஒரு குழுவும், கேட்பதற்கு ஒரு ஊரும் இருந்தன என்பதுதான் இங்கே முக்கியம்.

வள்ளி கும்மியும் அப்படித்தான். மேட்டுப்பாளையம் பக்கத்தைச் சேர்ந்த பத்ரப்பன், ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 2024-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. இன்று கொங்கு நாட்டில் அரங்கேற்றம் என்றால் பள்ளி மாணவிகளும் பாட்டிகளும் ஒரே வரிசையில் ஆடுகிறார்கள். ஒரு கலையில் ஆடுபவர்கள் பெருகினால், அதற்குப் பாடுபவருக்கும் ஜமாப் அடிப்பவருக்கும் வேலை பெருகும்.

சென்னையில் 2020-ல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ அடுத்த ஆண்டே மதுரைக்கும் கோவைக்கும் வந்தது. பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடையேறின. கோவை வரை வந்த மேடை சத்திக்கு வர அதிக தூரமில்லை. ஒரு கல்லூரி அரங்கமும், டிக்கெட் வாங்க 200 பேரும் இருந்தால் போதும்.

இந்த மாதமே செய்யக்கூடியவை

பெயர் கேளுங்கள்: வீடியோ எடுக்கும் முன் ‘எடுக்கலாமாண்ணா?’ என்று ஒரு வார்த்தை. எடுத்த பிறகு குழுவின் பெயர், ஊர். அவர்கள் சம்மதித்தால், தொடர்பு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு அந்த எண்ணுக்குத்தான் வரும்.

அவர்கள் சேனலிலேயே பாருங்கள்: டவுன்லோடு செய்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடாமல், கலைஞரின் சொந்த லிங்க்கை அனுப்புங்கள். 1,000 சந்தாதாரர் என்பது ஒரு பெரிய கிராமத்தின் வாட்ஸ்அப் குரூப்புகள் மனது வைத்தால் எட்டிவிடும் எண்.

அன்றைக்கே கொடுங்கள்: தேதி உறுதியானதும் அட்வான்ஸ், வாசித்து முடித்ததும் மீதி. ‘நாளைக்கு வாங்கிக்குங்க’ என்றால், அதற்கு ஒரு நாள் கூலி போகும்.

உட்கார இடம், நேரத்துக்குச் சாப்பாடு: விருந்தினரோடு ஒரே பந்தியில். இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருப்பதே வருத்தம்தான்.

பேனரில் ஒரு வரி: நன்கொடையாளர்கள் அத்தனை பேரின் படமும் இருக்கும் ஃபிளெக்ஸில் ‘இசை: இன்னார் குழு’ என்று போட இடம் இருக்கும்.

பள்ளி, கல்லூரி நிர்வாகங்கள்: ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு நடுவே உள்ளூர்க் குழுவுக்கு அரை மணி நேரம். இலவசமாக இல்லை, ஊதியத்தோடு. ‘உங்களுக்கும் விளம்பரம்தானே’ என்று சொல்லி மேடையேற்றுவது ஆதரவு ஆகாது.

கலைஞர்களுக்கு: தமிழ்நாடு அரசின் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. உறுப்பினர் அட்டை இருந்தால்தான் கல்வி, திருமணம், விபத்து உதவிகளைக் கேட்க முடியும். இன்னும் பதிவு செய்யாதவர்களுக்கு, வீட்டில் இருக்கும் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம். குழுவுக்கு ஒரு யூடியூப் சேனல் தொடங்கித் தருவதும் அவர்களுக்கு ஒரு மணி நேர வேலைதான்.

இதில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு மண்டபம், சமையல், பந்தல், போட்டோ, மேக்கப் என்று ஒரு பட்டியல் போடுவோம் இல்லையா? அதில் போட்டோவுக்கு முன்னால் ‘வாத்தியம் - நம்ம ஊர்க் குழு’ என்று ஒரு வரி எழுதி, பக்கத்திலேயே அட்வான்ஸ் தொகையையும் எழுதிவிடுங்கள்.