உராய்வு இழப்பு மட்டுமன்று

உராய்வு சக்தியை விழுங்கும் தீமை என்று கூறி, அதற்கு மருந்தாக எண்ணெயைக் காட்டிப் பாடத்தை முடித்துவிடும் வழக்கம் பள்ளிகளில் வேரூன்றியுள்ளது. இது பாதி உண்மையே. மறுபாதியை அறியாத மாணவன் பணிமனையில் நுழையும்போது, பேரிங்குக்கு உரிய எண்ணெயைப் பிரேக் கட்டையிலும் இடத் துணிவான்.

மும்பை–புணே இருப்புப்பாதையில் கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் இடைப்பட்ட போர் கணவாய் நல்லதோர் எடுத்துக்காட்டு. 1863இல் திறக்கப்பட்ட இவ்வேற்றத்தின் கடும் பகுதிகளில் பாதை 37 அடிக்கு 1 அடி உயர்கிறது. அங்கே ஒரு டன் எடையை இழுக்க, புவியீர்ப்பை எதிர்த்து மட்டும் 27 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை வேண்டும். உருளும் சக்கரங்களின் தடைக்குச் சில கிலோகிராமே போதும். இவ்விசை எஞ்சினின் குதிரைத்திறனிலிருந்து பிறப்பதாக மாணவர் கருதுவர். குதிரைத்திறன் சக்கரத்தைச் சுழற்றும்; வண்டியை நகர்த்துவதோ சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையேயுள்ள பிடிப்பு. உலர்ந்த எஃகில் அது எஞ்சினின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு. எனவே 120 டன் எஞ்சின் 30 டன் விசைக்கு மேல் தர இயலாது. தன் எடையையும் சேர்த்து ஏறத்தாழ 1,000 டன்னோடு அதன் எல்லை முடிகிறது. திறனை இருமடங்காக்கினும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மழை பெய்தால் எல்லை இன்னும் சுருங்கும். இதனாலன்றோ எஞ்சின்கள் மணற்பெட்டி சுமக்கின்றன. கர்ஜத்தில் பல வண்டிகளுக்குப் பின்னிருந்து தள்ளும் எஞ்சின்களும் பூட்டப்படுகின்றன. பாதை ஏறத்தாழ 12க்கு 1 என உயரும் நீலகிரியிலோ பிடிப்பை நம்பாமல் பற்சட்டமே பதித்துவிட்டனர்.

இப்பிடிப்பும் உராய்வுதான், ஆயினும் அது சக்தியை வீணாக்குவதில்லை. சறுக்காமல் உருளும் சக்கரத்தின் தொடுமிடம், தொடும் கணத்தில் தண்டவாளத்தின்மீது அசைவற்றிருக்கிறது. சறுக்கல் தொடங்கிய பின்னரே சக்தி வெப்பமாக மாறுகிறது. பாடத்தின் உயிர் இவ்வேறுபாட்டில்தான் உள்ளது. அதனை ஒரே வரியில் கடந்துவிடுதல் முறையன்று.

இறங்கும் வண்டிக்குச் சறுக்கும் உராய்வே காவல். 1,000 டன் வண்டி 500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி 1,300 யூனிட் மின்சாரத்துக்கும் மேற்பட்டது. பிரேக் கட்டைகள் அதனை வெப்பமாக்கிக் காற்றில் விடும். மீளாக்கத் தடை அமைந்த மின் எஞ்சினோ ஒரு பகுதியைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும்.

இவற்றை விளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. செங்கல் ஒன்றைப் பலகைமீது வைத்துச் சுருள்வில் தராசினால் இழுத்தால், அது அசையும் வரை முள் ஏறி, அசைந்தபின் சற்று இறங்குவதை மாணவர் தாமே காண்பர். அடியில் நான்கு உருட்டுப் பென்சில்களை இட்டு மறுபடியும் இழுக்கச் செய்தால், கேள்விகள் தாமே எழும்.