கோழி எருவும் ஆசாரமும்

பசுஞ்சாணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் கொண்டாடுகிறவர்கள், கோழி எச்சம் என்றதும் முகத்தைச் சுளிப்பானேன்? கத்தரிச் செடியைக் கேட்டால் வேறு பதில் சொல்லும். தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவிகிதம், கோழி எருவில் சுமார் 3 சதவிகிதம். மணிச்சத்திலும் கோழிக்கே வெற்றி. கோழிக் கூட்டைக் கூட்டி அள்ளியதை நம் பாட்டிமார்கள் பூசணிக் குழியில் போட்டது இந்தக் கணக்குத் தெரிந்தா? கொடி சொன்னது; கேட்டுக்கொண்டார்கள்.

நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் இதைப் பற்றி ஒரு சர்ச்சை எழுந்தது. காவற்காரரின் மனைவி, நாமக்கல் பக்கத்துப் பெண், மொட்டை மாடியில் பத்துத் தொட்டிகளில் கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தார். ஊரிலிருந்து மக்கிய கோழி எரு வரும். "அது அசைவ எரு, சார்! அதில் விளைந்ததை எப்படிச் சாப்பிடுவது?" என்று ஒருவர் ஆரம்பித்தார். அவரைச் சாப்பிடச் சொல்லி யாரும் கெஞ்சவில்லை. இருந்தாலும் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. தொட்டிகள் கீழே இறங்கின.

அசைவ எரு! அதே மாடியில் ரோஜாத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு எலும்புத் தூள் போடுகிறார்கள். எச்சமிடுவதற்காக எந்தக் கோழியும் சாவதில்லை. எலும்போ செத்த பிராணியிடமிருந்துதான் வரும். ஆனால் அது அசைவமில்லையாம். கடையில் டப்பாவில் அடைத்து விற்றால் தோஷம் கிடையாது; காவற்காரர் மனைவி தலையில் சுமந்து ஏற்றினால் தீட்டு. இதற்கு ஆசாரம் என்று பெயர் வைக்காதீர்கள். வேறு பெயர் இருக்கிறது, உங்களுக்கே தெரியும்.

செடி எருவைத் தின்பதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகே வேர் உறிஞ்சுகிறது. அந்த நைட்ரேட்டில் கோழியும் இல்லை, பசுவும் இல்லை.

"நாற்றம் அடிக்கிறதே?" என்றால், அது நியாயமான கேள்வி. கோழிக்குச் சிறுநீர் தனியாகக் கிடையாது. எச்சத்தின்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான் யூரிக் அமிலம். அது சிதைந்து அம்மோனியாவாகிறது. மூக்கைத் துளைப்பதும் அதுவே; பச்சை எருவைக் கொட்டினால் இளஞ்செடியைக் கருக்குவதும் அதுவே. காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ கலந்து, ஈரம் காத்து, கிளறிவிட்டு மக்கவைக்க வேண்டும். குவியல் போதிய அளவு பெரிதாக இருந்தால் உள்ளே 55 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறும். சால்மோனெல்லா முதலிய கிருமிகள் மடியும். சூடு தணிந்து மண்வாசனை வந்தபின் யார் மூக்கைப் பொத்துவார்கள்? அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகூடப் பச்சை எருவைத் தடுக்கவில்லை. மண்ணில் படும் காய்கறியானால் எரு போட்டு 120 நாள் கழித்துத்தான் அறுவடை என்று கணக்கு வைத்தது, அவ்வளவுதான்.

உண்மையில் பயப்பட வேண்டிய சமாசாரம் ஒன்று உண்டு. பண்ணைக் கோழிக்குக் கொடுக்கும் மருந்தில் ஒரு பகுதி எச்சத்தோடு வெளியே வந்துவிடுகிறது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக டாக்டர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தையே கோழிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மத்திய அரசு அதை 2019-ல் தடை செய்தது. ஆகவே எரு மூட்டை விற்கிறவரிடம் சைவமா என்று கேட்காதீர்கள். எந்தப் பண்ணை, என்ன மருந்து, எத்தனை நாள் மக்கியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காமல் திரும்புங்கள்.