கடிகாரம் எச்சரித்த பிறகு

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறங்கி, ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்களுக்காக நிற்கும் இளம் தொழிலாளர்கள் பலரின் கையில் இப்போது ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. நடந்த தூரத்தையும் தூங்கிய நேரத்தையும் சொல்லிக்கொண்டிருந்த இந்தக் கடிகாரம், ‘உங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்’ என்று எச்சரிக்கும் காலம் வந்துவிட்டது. இதை வரவேற்கிறோம். ஆனால், புஜத்தில் பட்டை கட்டிப் பிரஷர் பார்க்க ஓர் ஆளும், தேவைப்பட்டால் மாதாமாதம் மாத்திரை தர ஓர் இடமும் இருந்தால்தான் அந்த எச்சரிக்கையால் பலன் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் பகுதியில், வேலை நேரத்துக்கு ஒத்துவரும் வகையில் இந்த இரண்டும் தொழிலாளிக்குக் கிடைப்பது அரிது. இந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு அரசுக்கும் ஆலைகளுக்கும் உண்டு. வாட்ச் வாங்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லி அதைத் தொழிலாளியின் தலையில் இறக்கிவிட முடியாது.

முதலில் இந்தத் தொழில்நுட்பத்தால் என்ன முடியும் என்பதைப் பார்க்கலாம். 2025 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரத்தில் உயர் ரத்த அழுத்த எச்சரிக்கை வசதிக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் இருந்து தோலுக்குள் ஒளி பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் ரத்தக் குழாய்கள் எப்படி விரிகின்றன என்பதைத் திரும்பி வரும் ஒளியைக் கொண்டு கருவி கணிக்கிறது. இப்படி 30 நாள் தகவல்களைச் சேர்த்துப் பார்த்து, அழுத்தம் கூடியிருப்பதற்கான தடயம் தொடர்ந்து தெரிந்தால் எச்சரிக்கிறது. 140/90 என்பது போன்ற எண் எதையும் அது காட்டாது. ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் கண்டறியப்பட்டவர்களுக்கும், 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இந்த வசதி பொருந்தாது. தன் வேலையின் எல்லையை அந்நிறுவனமே இப்படி வரையறுத்துச் சொல்லியிருப்பது நேர்மையான செயல்தான்.

அந்த எல்லை எவ்வளவு குறுகியது என்பது நிறுவனம் நடத்திய ஆய்விலேயே தெரிகிறது. உயர் ரத்த அழுத்தம் உள்ள 100 பேரில் சுமார் 41 பேரை மட்டுமே கடிகாரம் கண்டுபிடித்தது. அழுத்தம் சரியாக இருக்கும் 100 பேரில் சுமார் 92 பேரை அது தொந்தரவு செய்யவில்லை. மீதி 8 பேருக்குத் தேவையில்லாமல் எச்சரிக்கை போனது. இந்த விகிதத்தை நம் ஆலை ஒன்றுக்குப் பொருத்திப் பார்ப்போம். 1,000 தொழிலாளர்கள் உள்ள இடத்தில் 150 பேருக்குத் தெரியாமலே பிரஷர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தனை பேரும் இந்தக் கடிகாரத்தைக் கட்டியிருந்தால் அந்த 150 பேரில் ஏறக்குறைய 62 பேருக்கு எச்சரிக்கை வரும். 88 பேருக்கு வராது. ஒரு கோளாறும் இல்லாத 850 பேரில் சுமார் 65 பேருக்கும் எச்சரிக்கை வரும். ஆக, எச்சரிக்கை வந்த ஏறத்தாழ 127 பேரில் பாதிப் பேருக்கு மேல் நோயே இருக்காது.

ஆகவே இது வீண் வேலை என்று சொல்பவர்களோடு நாம் உடன்படவில்லை. அந்த 62 பேரை எண்ணிப் பாருங்கள். 28 வயது ஆண் தொழிலாளி காய்ச்சல் வந்தால்கூட மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார். தலைவலியோ மயக்கமோ இல்லாத ஒரு நோய்க்காக அவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப் போவதில்லை. உயர் ரத்த அழுத்தம் பல வருடங்கள் சத்தமின்றி இருந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையின் ரத்தக் குழாய்களையும் அரித்துவிட்டு, 40 வயதை ஒட்டிப் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளியே வரும். அப்படிப்பட்டவரைப் பிரஷர் பார்க்கப் போக வைக்கும் எதுவும் நல்லதுதான். வீண் எச்சரிக்கை வந்த 65 பேருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, பக்கத்திலேயே பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால். சில நிமிடங்களில் விஷயம் தெரிந்துவிடும். கருவி இல்லாவிட்டால் அவர்களுக்கு ஒரு நாள் சம்பளமும் ஒரு வார நிம்மதியும் போகும்.

நம்மை உண்மையில் கவலைப்பட வைப்பது அந்த 88 பேர்தான். ‘வாட்ச் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எனக்குப் பிரஷர் இல்லை’ என்று அவர்கள் முடிவு செய்துவிட்டால், கடிகாரம் இல்லாத காலத்தைவிட நிலைமை மோசமாகும். எச்சரிக்கை வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும். வராததை நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வேறுபாட்டை விளம்பரங்கள் சொல்வதில்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் ஆலை மருத்துவ அலுவலர்களும்தான் சொல்லியாக வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து மலிவு வாட்ச்களில் இருக்கிறது. இந்த வசதி உள்ள ஆப்பிள் வாட்சின் 2025 மாடல் இந்தியாவில் ரூ.46,900-இல் தொடங்கியது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது பல மாதச் சம்பளம். அவர் கையில் இருப்பது ரூ.1,500, ரூ.2,000 விலையுள்ள வாட்ச்தான். அவற்றில் சில, திரையைத் தொட்டதும் ரத்த அழுத்தம் இவ்வளவு என்று ஓர் எண்ணையே காட்டிவிடுகின்றன. சாம்சங் வாட்சில் அழுத்தம் பார்க்க வேண்டுமானால்கூட, 28 நாளுக்கு ஒருமுறை புஜத்தில் பட்டை கட்டும் கருவியோடு ஒப்பிட்டு அதைச் சரிசெய்தாக வேண்டும். எந்த ஒப்பீடும் இன்றி, எந்தப் பரிசோதனைக்கும் உட்படாமல் வரும் எண்ணை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு? அனுமதி பெறாத ரத்த அழுத்தக் கருவிகளை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க நிர்வாகம் 2025-இல் மக்களை எச்சரித்தது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் இருக்கின்றன; ரத்த அழுத்தக் கருவிகள் அவற்றின் கீழ் வருகின்றன. ‘இது மருத்துவக் கருவி அல்ல’ என்று பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டு, முகப்பில் ‘பி.பி. மானிட்டர்’ என்று விற்பதை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தடுக்க வேண்டும். அனுமதி இல்லாத வாட்ச் அழுத்த எண்ணைக் காட்டவே கூடாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் இந்தப் பகுதிக்கே உரியது. பல ஆலைகளில் லைனில் வேலை செய்பவர் கடிகாரம், மோதிரம், காப்பு எதையும் அணிந்து உள்ளே போக முடியாது. பளபளக்கும் பெயின்ட்டில் கீறல் விழும், எந்திரத்தில் சிக்கும், மின்னணுப் பொருள் கெடும், படம் எடுத்துவிடுவார்கள் என்று காரணங்கள் பல உண்டு, பெரும்பாலும் நியாயமானவையே. விளைவு என்னவென்றால், உழைப்பும் நெருக்கடியும் உச்சத்தில் இருக்கும் எட்டு மணி நேரம் கடிகாரம் லாக்கரில் கிடக்கிறது. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் அறையில் தூங்குகிறவர் அதைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறார். 30 நாள் தகவல் சேர்த்துக் கணிக்கும் கருவிக்கு அவரிடமிருந்து கிடைப்பது துண்டு துண்டான நேரம்தான். அலுவலக மேசையில் உட்கார்ந்திருப்பவரின் வாழ்க்கைக்கு ஏற்ப அமைந்த வசதி இது. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் உடம்புக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. அந்த உடம்புக்குத்தான் ஆபத்தும் கூடுதல். ஷிப்ட் மாறி மாறி வேலை செய்வதும் தூக்கம் கெடுவதும் ரத்த அழுத்தத்தோடு தொடர்புடையவை என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. சாப்பாட்டில் சேரும் உப்பும் இதைக் கூட்டுகிறது: ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேன்டீன் சாம்பார், ஊறுகாய், அப்பளம், இடைவேளை மிக்சர் என்று கூட்டினால் அந்த அளவு மதியத்துக்குள்ளேயே கடந்துவிடும்.

தமிழ்நாட்டின் நிலை என்ன? 2020-இல் மாநில அளவில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. மூன்றில் ஒருவருக்கு நோய். நோயாளிகள் 14 பேரில் ஒருவருக்குத்தான் அது கட்டுப்பாட்டில். நோயைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை இந்த இரண்டாவது எண் அழுத்தமாகச் சொல்கிறது. பிரஷர் இருப்பது தெரிந்தும் மாத்திரை தொடங்காதவர்கள், தொடங்கியும் நிறுத்தியவர்கள், மாத்திரை போட்டும் திரும்பப் போய்ப் பார்க்காதவர்கள் எல்லோரும் மீதி 13 பேருக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடிகாரத்தின் எச்சரிக்கை புதிதாக எதையும் சொல்லப் போவதில்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் தரும் இத்திட்டத்தை ஐக்கிய நாடுகள் அமைப்பு 2024-இல் விருது தந்து பாராட்டியது. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய வேலை அது. ஆனால், தன்னார்வலர் வரும் பகல் பொழுதில் சிங்கப்பெருமாள் கோவில், மறைமலைநகர், ஒரகடம், வல்லம் பகுதிகளில் ஓர் அறையை நாலைந்து பேர் பகிர்ந்து தங்கும் தொழிலாளி ஒன்று ஆலையில் இருப்பார், இல்லை நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்தவராக இருந்தால் கதவைத் தட்டுபவர் பேசும் மொழியும் அவருக்குப் புரியாது. இதை உணர்ந்துதான் அரசு இத்திட்டத்தைப் பணியிடங்களுக்கும் கொண்டுபோக முனைந்தது. அந்த முனைப்பு ஆண்டுக்கு ஒரு முகாம், ஒரு பேனர், ஒரு குழுப் படம் என்று சுருங்கிவிடக் கூடாது. ஒரு முறை பார்த்த பிரஷரை வைத்து யாருக்கும் வைத்தியம் செய்ய முடியாது.

சட்டமும் இந்த இளைஞர்களைக் கைவிட்டிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்கின்றன. நல்ல விதிதான். ஆனால் இந்தத் தொழில் பகுதியில் லைனில் நிற்பவர்களில் மிகப் பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள். 40 வயதாகும்போது அவர்களில் பலர் ஊர் திரும்பியிருப்பார்கள். இங்கே சேர்த்துக்கொண்ட நோய் அங்கே போய் வெளிப்படும். குறைந்தபட்சம் இரவு ஷிப்ட் உள்ள ஆலைகளிலாவது இந்த வயது வரம்பை 25 ஆகக் குறைத்துத் தமிழ்நாடு தன் விதிகளை வகுக்க வேண்டும்.

ஆலைகள் செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவில்லை. புஜத்தில் கட்டும், தரம் சோதிக்கப்பட்ட தானியங்கிப் பிரஷர் கருவி இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின் விலையில் கிடைக்கிறது. ஒரு ஆப்பிள் வாட்சின் விலையில் இருபதுக்கும் மேல் வாங்கலாம். அதைக் கேன்டீனில், மருத்துவ அறையில், தங்கும் விடுதியில் வைக்கலாம். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் அளவுக்கு அரசு விடுதி கட்டிய மாநிலம் இது. அந்த விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் இரண்டு கருவிகள் வைப்பது ஒரு செலவா? பார்க்கும் முறையைச் சுவரில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டினால் போதும்: டீ குடித்து, சிகரெட் பிடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய உட்கார வேண்டும், கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். வாட்சில் எச்சரிக்கை வந்தவரும் ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் இப்படிப் பார்த்துக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போவதுதான் முறை.

போவது எங்கே என்பதுதான் மிச்சம். மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. ஆனால் மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் போக வேண்டுமென்றால் பகல் ஷிப்ட் தொழிலாளி லீவு போட வேண்டும். ரூ.21,000-ஐத் தாண்டியவருக்கு அதுவும் இல்லை. கம்பெனி காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும், தினசரி மாத்திரைக்கு உதவாது. அம்லோடிபின் போன்ற சாதாரணப் பிரஷர் மாத்திரை மக்கள் மருந்தகங்களில் மிக மலிவு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். மருந்து இவ்வளவு மலிவாக இருந்தும் நோயாளிகள் நூறு பேரில் 93 பேருக்கு அழுத்தம் கட்டுப்படவில்லை என்றால் தடை பணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஷிப்ட் மாறும் காலை, மதிய, இரவு வேளைகளில் ஆலை வாசலிலேயே அரசு செவிலியர் இருந்து மாதாந்திர மாத்திரையைத் தர வேண்டும். இ.எஸ்.ஐ. மருந்தகங்கள் இந்தப் பகுதியில் இரவு 9 மணி வரையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் திறந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் ஓர் அச்சம் தொழிலாளியைத் தடுத்து நிறுத்தும். பிரஷர் இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும், அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள் என்ற அச்சம் அது. வேலையில் சேரும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு முந்தைய நாள் யாரிடமாவது மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் இந்த அச்சத்தால் வருவது. கடிகாரத் தகவல் கைப்பேசி வழியாகக் கம்பெனிச் செயலிக்குப் போகும் நிலை வந்தால் அச்சம் இரட்டிப்பாகும். கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தத்தைக் காரணம் காட்டி யாரையும் வேலைக்கு மறுக்கவோ நிறுத்தவோ கூடாது; தொழிலாளியின் உடல்நிலைத் தகவல் மருத்துவரைத் தாண்டி மேற்பார்வையாளர் கைக்கோ மனிதவளத் துறைக்கோ போகக் கூடாது. தொழிலாளர் துறை இதை எழுத்து மூலமான உத்தரவாகப் பிறப்பிக்க வேண்டும். அந்த உத்தரவின் நகல் முதன்மை நிறுவனங்களுக்கு மட்டுமின்றி, அவற்றுக்கு ஆள் தரும் ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேர வேண்டும். இந்தப் பகுதியில் பாதிக்கப்படக்கூடிய தொழிலாளிகளில் பலருக்குச் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுவது அந்த ஒப்பந்தக்காரர்கள்தான்.