நெல்லில் இலைச் சுருட்டுப் புழு: பார்த்ததுமே மருந்து அடிக்கணுமா?

டெல்டாவில் சம்பா பயிர் தூர் கட்டும் நேரத்தில் விவசாயியைப் பதற வைப்பது, இலையில் ஓடும் வெள்ளைக் கோடுதான். இலைச் சுருட்டுப் புழு இலையின் ஓரங்களை நூலால் இழுத்துக் கட்டி, குழல் மாதிரி சுருட்டி, உள்ளே இருந்தபடி பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். முற்றினால் வயலே வெளுத்துப்போகும்.

உடனே மருந்துக் கடைக்கு ஓடணுமா? பெரும்பாலும் வேண்டாம். இளம்பயிர் புது இலை விட்டு இழப்பைச் சமாளித்துக்கொள்ளும். வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைகள் சேதமானால்தான் மருந்து என்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். கண்ணாடி இலைக்கு 5 சதவீதம். மணி பிடிக்க உணவு தருவது அதுதான் என்பதால் அங்கே அலட்சியம் கூடாது.

அவசரப்பட்டு அடித்தால் புழுவைத் தின்னும் சிலந்தியும், முட்டையை அழிக்கும் குளவியும் சேர்ந்தே சாகும். சுருளுக்குள் இருக்கும் புழு தப்பிக்கவும் வாய்ப்புண்டு. யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில் இன்னும் மோசம்.

வியட்நாமின் மீகாங் டெல்டா விவசாயிகள் இதைத் தங்கள் வயலிலேயே சோதித்தார்கள். ஒரு துண்டில் முதல் 40 நாள் மருந்தே அடிக்கவில்லை, விளைச்சலில் வித்தியாசமில்லை. 1994-ல் வானொலி நாடகம் வழியாக இந்தச் செய்தி பரவியபின், மருந்தடிப்பு சுமார் பாதியாகக் குறைந்தது.

இங்கே பல ஊர்களில் எதை, எப்போது அடிப்பது என்று இன்னும் மருந்துக் கடைக்காரர்தான் சொல்கிறார்.