சுருதி மாறினால் தடுமாறாத காது

எந்தக் கட்டையைத் தட்டினாலும் அது எந்தச் சுரம் என்று சட்டெனச் சொல்லும் திறனுக்கு ‘பெர்ஃபெக்ட் பிட்ச்’ என்று பெயர். 10,000 பேரில் ஒருவருக்குக்கூட அது வாய்ப்பதில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அது இல்லையே என்று மஸ்ஜித் இந்தியாவிலோ கிள்ளானிலோ எந்தப் பெற்றோரும் கவலைப்பட வேண்டியதில்லை.

கர்நாடக இசைக்கு வேண்டியது வேறு காது. பாடகி ஐந்தரைக் கட்டையில் பாடுவார், பாடகர் ஒன்றரையில். இருவருக்கும் ‘ச’ அவரவர் சுருதிதான். மற்ற சுரங்கள் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதே ராகத்தின் அடிப்படை.

கீபோர்டில் கருங்கட்டைகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். நாலரைக் கட்டையை ‘ச’ என்று கொண்டால் மோகனம். அதே ஐந்து கட்டைகளில் ஐந்தரையை ‘ச’ ஆக்கினால் மத்தியமாவதி. ஆறரையை ஆக்கினால் இந்தோளம்! ஒலி ஒன்றும் மாறவில்லை, ஆதாரம்தான் மாறியது. கிரகபேதம் என்பது இதுதான். ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே பெயரிடும் காதுக்கு இந்த மாற்றம் எளிதில் பிடிபடாமலும் போகலாம்.

பிரிக்பீல்ட்ஸின் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைப்பள்ளி 1981 முதல் இயங்குகிறது. அங்கும் மற்ற வகுப்புகளிலும் கர்நாடக இசை பயிலும் பிள்ளைகள், சுருதி மாற்றத்துக்குக் காது பழக, வீட்டில் தம்பூரா செயலியை ஒரே கட்டையில் நிறுத்திவிடக் கூடாது. வாரம் ஒருமுறையாவது அரைக்கட்டை ஏற்றியோ இறக்கியோ அதே சரளி வரிசையைப் பாட வேண்டும்.